அறிவும் ஆற்றலும் படுத்திருக்கும் படிக்கட்டு

வாஷிங்டன் நகரின் 16ஆம் தெருவில் 1733 என்ற இலக்கமுள்ள கட்டடத்தின் முன்படிகளுக்கு இருபுறமும் இரண்டு ஸ்பிங்க்ஸ்கள் தெருவைப் பார்த்துப் படுத்திருக்கின்றன. சிங்க உடலும் மனிதத் தலையும் முன்னே நீட்டிய பாதங்களும் தோள்வரை இறங்கும் எகிப்தியத் தலைத்துணியுமாக இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தோன்றும். சற்று நின்று முகங்களைப் பார்த்தால்தான் வேறுபாடு பிடிபடும். படியேறப் போகிறவரின் இடக்கைப் பக்கம் உள்ளதற்குக் கண்கள் நன்றாகத் திறந்திருக்கின்றன. வலக்கைப் பக்கம் உள்ளதற்குப் பாதி மூடியிருக்கின்றன. திறந்த கண்ணுடையதன் பெயர் ஆற்றல். பாதி மூடிய கண்ணுடையதன் பெயர் அறிவு.

இது ஃபிரீமேசன்கள் என்னும் பழைய சகோதரச் சங்கத்தாரின் கட்டடம். இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஃபிரீமேசன் இயக்கத்தின் கிளைகளில் ஒன்றான ஸ்காட்டிஷ் ரைட்டின் தெற்குப் பிரிவை நிர்வகிக்கும் உச்சமன்றத்தின் தலைமையகம். அந்த உச்சமன்றம் 1801ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் தொடங்கப்பட்டது; அதன் 110ஆவது ஆண்டு நிறைவு நாளில், 1911 மே 31 அன்று, இந்தக் கட்டடத்திற்கு நிலம் தோண்டினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 18இல் அடிக்கல் நாட்டி, சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து 1915 அக்டோபர் 18இல் திறந்து வைத்தார்கள். தேதிகளைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பொருத்திய ஓர் அமைப்பு, வாயிலில் வைக்கும் சிலைகளைச் சும்மா அழகுக்காக வைத்திருக்காது என்ற எண்ணத்தோடுதான் நான் அந்தப் படிகளின் முன்னால் நின்றேன். இந்தப் பதிவு முழுக்க முழுக்க அந்த இரண்டு சிலைகளைப் பற்றியது. ஃபிரீமேசன்கள் உலகை ஆட்டிவைக்கிறார்களா என்பது போன்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. அவற்றைப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது.

கட்டடத்தை வடிவமைத்தவர் ஜான் ரஸ்ஸல் போப். பின்னாளில் இதே நகரில் தேசிய ஆவணக் காப்பகம், தேசிய ஓவியக் கூடத்தின் மேற்குக் கட்டடம், ஜெஃபர்சன் நினைவகம் ஆகியவற்றை வரைந்தவரும் இவரே. 1911இல் அவருக்கு வயது 37. இந்த அளவிலான ஒரு பணி அவருக்கு அப்போது பெரிய வாய்ப்பு. அவர் ஃபிரீமேசன் அல்லர். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் பொறுப்புக் கட்டடக் கலைஞராக இருந்த எலியட் வுட்ஸ் அந்த இயக்கத்தின் மூத்த உறுப்பினர். அடையாளங்களைப் பொறுத்தவரை போப்புக்கு வழிகாட்டியாக அமைந்தவர் அவர்தான். இந்தக் கூட்டணி நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவருக்கு எல்லா அடையாளங்களும் வேண்டும். வெளியே இருந்து வந்த கட்டடக் கலைஞருக்கோ ஒரு சுவர், ஒரு தூண், ஒரு படி என்று கண்ணுக்கு நிறைவு தரும் அளவுகள் வேண்டும். இரண்டு பேருடைய தேவையும் ஒன்றையொன்று அடக்கி வைத்ததால்தான் இந்தக் கட்டடம் அடையாளங்களைக் கொட்டிக் குவித்த கண்காட்சிக் கூடமாக ஆகாமல் தப்பியது.

போப் எடுத்துக்கொண்ட முன்மாதிரி ஹாலிகார்னாசஸ் கல்லறை மாளிகை. இன்றைய துருக்கியின் போத்ரும் நகரில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், மாவ்சோலஸ் என்ற ஆட்சியாளருக்காக எழுப்பப்பட்டு, பழைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக எண்ணப்பட்ட கட்டடம் அது. நிலநடுக்கங்கள் அதைச் சாய்த்துவிட்டன. எஞ்சிய சிற்பங்களில் பல இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. உயரமான அடித்தளம், அதன்மேல் சுற்றிலும் அயோனியத் தூண்கள், அதற்கும் மேல் படிப்படியாகச் சுருங்கும் பிரமிடுக் கூரை என்ற அதன் அமைப்பைப் போப் அப்படியே கையாண்டார். ரோமானிய எழுத்தாளர் பிளினி அந்தக் கல்லறையில் 36 தூண்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். வாஷிங்டனில் அவை 33 ஆகிவிட்டன. ஒவ்வொன்றின் உயரமும் 33 அடி. ஸ்காட்டிஷ் ரைட்டில் 33 படிநிலைகள் என்பதுதான் காரணம்.

அந்தப் பழைய கல்லறையில் சிங்கங்கள் இருந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் துண்டுகளில் அவையும் உண்டு. உயரத்தில் நின்று கல்லறையைச் சூழ்ந்திருந்த அந்தச் சிங்கங்களின் இடத்தை இங்கே தரையை ஒட்டிப் படுத்திருக்கும் ஸ்பிங்க்ஸ்கள் பிடித்திருக்கின்றன என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். விலங்கு உச்சியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து, ஒரு மனித முகத்தையும் பெற்றுக்கொண்டது. கிரேக்கக் கட்டடத்துக்கு எகிப்திய வாயிற்காவல் பொருந்துமா என்று கேட்டால், படத்தில் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்தும், நேரில் உறுத்தாது. மேலே உள்ள பிரமிடுக் கூரையும் கீழே உள்ள ஸ்பிங்க்ஸ்களும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதால், நடுவில் கிரேக்கத் தூண்கள் நிற்பது இடையூறாகவே தெரிவதில்லை.

ஃபிரீமேசன் வாசலில் ஸ்பிங்க்ஸ் என்றதும் பெரும்பாலோர் சொல்லும் விளக்கம் ஒன்றுதான்: ஸ்பிங்க்ஸ் ரகசியத்தின் சின்னம், இது ரகசியச் சங்கம், ஆகவே ரகசியம் காக்கிறது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. விடுகதை போட்டு, விடை தெரியாதவரைக் கொன்றது கிரேக்கர்களின் ஸ்பிங்க்ஸ். அது பெண், அதற்கு இறக்கைகள் உண்டு, தீப்ஸ் நகரத்துக்குப் போகும் வழியில் உட்கார்ந்துகொண்டு ஊரையே அழித்தது. ஈடிபஸ் விடை சொன்னதும் தன்னையே மாய்த்துக்கொண்டது. எகிப்தியர்களின் ஸ்பிங்க்ஸுக்கு விடுகதையும் இல்லை, ரகசியமும் இல்லை. அது பெரும்பாலும் அரசனின் முகம்; கோயிலுக்குப் போகும் வழியின் இருமருங்கிலும் வரிசையாகப் படுத்து, இதற்குமேல் உள்ள இடம் சாதாரண இடமில்லை என்று அறிவிப்பது. எகிப்தில் லக்சர், கர்னாக் கோயில்களை இணைக்கும் ஸ்பிங்க்ஸ் சாலை ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளம். அத்தனை நீளத்துக்கு வழியெங்கும் வைக்கப்பட்ட ஒன்று எதையும் ஒளித்து வைப்பதற்காக வைக்கப்பட்டதாக இருக்க முடியாது. வாஷிங்டனில் உள்ளவற்றுக்கு இறக்கை இல்லை, அவை பாய்வதற்குத் தயாராகவும் இல்லை; தலைத்துணி எகிப்தியத் தலைத்துணி. இவை ஐயத்துக்கு இடமில்லாமல் எகிப்திய மரபில் வந்தவை.

ரகசியம் காப்பதுதான் வேலை என்றால் அதற்கு ஃபிரீமேசன்களிடம் உயிருள்ள ஆளே இருக்கிறார். சபை கூடும்போது மூடிய கதவுக்கு வெளியே, உருவிய வாளுடன், டைலர் என்ற பொறுப்பாளர் நிற்பார். உறுப்பினர் அல்லாதவரை உள்ளே விடாமலும், ஒட்டுக்கேட்பவரை அண்டவிடாமலும் பார்த்துக்கொள்வது அவர் கடமை. தெருவோரத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் கல்லுக்கு அந்த வேலை தேவையில்லை. இந்தக் கட்டடத்துக்குள் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். உள்ளே பெரிய நூலகம் ஒன்றும் உண்டு. கதாயுதத்தை ஊன்றி, விரல் உயர்த்தி, கோரைப்பல் காட்டி எச்சரிக்கும் துவாரபாலகர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஸ்பிங்க்ஸ்கள் காவலர்களாகவே தோன்றாமல் போகலாம். யாரையும் இவை தடுக்கவில்லை, மிரட்டவில்லை.

ஆனால் வாயிலில் ஒரு சிலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது சிறிய விஷயமில்லை. இதே இணை ஸ்பிங்க்ஸ்களை வேறு நகரங்களில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நேவா ஆற்றங்கரையில், கலைக்கழகத்தின் முன்னால், மூன்றாம் அமென்ஹோடெப் காலத்து உண்மையான எகிப்திய ஸ்பிங்க்ஸ்கள் இரண்டு உள்ளன. 1832இல் கொண்டுவரப்பட்டு 1834இல் நிறுவப்பட்டவை. 3,300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கருங்கல் சிலைகள். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. நடுவே ஆற்றில் இறங்கும் படித்துறை. அங்கே போகிறவர் இருவருக்கு இடையில் நடக்கும் உரையாடலுக்குள் நுழைந்துவிட்டவர் போலக் கூச்சத்தோடுதான் இறங்க வேண்டும். லண்டனில் தேம்ஸ் கரையில் கிளியோபாட்ராவின் ஊசி எனப்படும் தூணுக்கு இருபுறமும் உள்ள வெண்கல ஸ்பிங்க்ஸ்கள் தூணையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. காவல் காக்க வந்தவை வெளியே பார்க்காமல் காக்க வேண்டிய பொருளையே பார்த்துக்கொண்டிருப்பது தவறாக வைத்ததன் விளைவு என்று வெகுநாளாகக் கேலி பேசுவார்கள். 1917 செப்டம்பரில் ஜெர்மானிய விமானம் போட்ட குண்டின் சிதறல்கள் அவற்றில் ஒன்றைத் துளைத்த ஓட்டைகள் இன்னும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. வாஷிங்டனில் உள்ளவையோ ஒன்றையொன்றும் பார்க்கவில்லை, கட்டடத்தையும் பார்க்கவில்லை. இரண்டும் நேரே மேற்கு நோக்கி, 16ஆம் தெருவைத் தாண்டிப் பார்க்கின்றன. அதிலும் ஒன்றுதான் பார்க்கிறது; மற்றொன்று பார்ப்பதும் பார்க்காததுமான ஓர் இடைநிலையில் இருக்கிறது. இதுதான் இந்த இணையின் சிறப்பு. பீட்டர்ஸ்பர்க்கிலும் லண்டனிலும் சிலைகள் இரண்டு என்பதற்குச் சமச்சீர் அழகைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இங்கே இரண்டு இருந்தால்தான் பொருளே வருகிறது.

ஃபிரீமேசன்களுக்கு இணைகளில் பழக்கம் அதிகம். சாலமோன் மன்னனின் ஆலய வாயிலில் நின்ற இரண்டு வெண்கலத் தூண்கள் அவர்களுடைய சபைக் கூடங்களில் எல்லாம் ஏதாவதொரு வடிவில் இடம்பெறும். விவிலியத்தின் அரசர் முதல் நூல் அவற்றின் உயரம் 18 முழம் என்கிறது. வலப்புறத் தூண் யாக்கீன், இடப்புறத் தூண் போவாஸ். போவாஸை அவர்கள் வலிமையோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அதேபோல, ஒரு சபையைத் தாங்குபவை அறிவு, வலிமை, அழகு என்னும் மூன்று தூண்கள் என்பதும் அவர்களுடைய பழைய பாடம். 16ஆம் தெருவில் ஆற்றல் என்னும் வலிமை இடப்பக்கத்திலும் அறிவு வலப்பக்கத்திலும் படுத்திருப்பதை இவற்றோடு வைத்துப் பார்த்தால், சாலமோனின் தூண்கள் இரண்டும் சிங்க உடல் எடுத்து வாசலில் படுத்துவிட்டன என்று சொல்லத் தோன்றுகிறது. மூன்றாவதான அழகைத் தனியே சிலையாக வைக்காததும் நல்லது; அந்தப் பொறுப்பைக் கட்டடமே பார்த்துக்கொள்கிறது.

இனி, சிலைகளுக்கு நடுவில் உள்ள படிகள். இவை ஒரே ஏற்றமாக இல்லாமல் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று தொகுதி தொகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் ஐந்தும் ஏழும் ஃபிரீமேசன் சடங்கில் இரண்டாம் நிலைக்கு வருபவருக்குச் சொல்லப்படும் சுழல்படிக் கதையில் வரும் எண்கள். அவற்றின் வரிசை ஒன்பதுக்கு நீண்டிருக்கிறது. கூட்டினால் 24. பிளினி தன் நூலில் ஹாலிகார்னாசஸ் கல்லறையின் பிரமிடுக் கூரைக்குச் சொல்லும் படிகளின் எண்ணிக்கையும் 24தான். எண்களைத் துரத்திக்கொண்டு போனால் முடிவே இருக்காது என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தப் படிகள் ஏறுபவரின் வேகத்தைக் குறைக்கின்றன என்பதுதான். மூன்று படி ஏறியதும் ஒரு சமதளம். கால் தன்னால் தயங்கும். பிறகு ஐந்து. ஒரு மூச்சில் ஏறி வாசலை அடைய முடியாதபடி இடையிடையே நிற்க வைக்கிறது. அப்படி நிற்கும் இடங்களில் பக்கவாட்டில் பார்த்தால் சிங்கத்தின் விலாவும் நீட்டிய முன்னங்காலும் கண்ணில் படும். முகம் நம்மைத் தாண்டி வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். தெருவிலிருந்து பார்த்தவருக்கு முகம், படியில் ஏறுபவருக்கு உடல். ஒரே சிலை பார்வையாளருக்கும் உள்ளே போகிறவருக்கும் வேறு வேறாகத் தெரிகிறது.

ஒவ்வொரு ஸ்பிங்க்ஸும் ஒரே சுண்ணாம்புக்கல் பாளத்தில் செதுக்கப்பட்டது. எடை 17 டன். அதாவது ஆறு, ஏழு கன மீட்டர் அளவுள்ள கல், ஒட்டு இல்லாமல், வெடிப்பு இல்லாமல், உள்ளே ஓடும் வேறு நிறத்து ரேகை இல்லாமல் கிடைக்க வேண்டும். அமெரிக்கப் பொதுக் கட்டடங்களில் மிகுதியாகப் புழங்கும் இண்டியானா சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொண்டால், அதன் மணிகள் சீரானவை. எந்தத் திசையிலும் உளி ஒரேபோல இறங்கும். சுரங்கத்திலிருந்து வந்த புதிதில் அதன் உள்ளே ஈரம் இருக்கும். அப்போது செதுக்க எளிது. ஈரம் வற்ற வற்ற மேற்பரப்பு கெட்டியாகிவிடும். பளிங்கைப் போல வெளிச்சத்தை உள்ளே வாங்கி ஒளிராது. மங்கிய மேற்பரப்பில் நிழல்தான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும். ஆகவே சுண்ணாம்புக்கல்லில் ஒரு முகத்துக்கு உணர்ச்சி தருவது என்பது நிழல் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பதுதான்.

கண்களை இந்த நோக்கில் பார்க்க வேண்டும். ஆற்றலின் மேலிமை மேலே ஒதுங்கி நிற்கிறது. அதன் விளிம்பு விழிக்கோளத்தின் மேல் ஓரத்தில் ஒரு வளைந்த நிழலைப் போடுகிறது. அந்த நிழலுக்குக் கீழே விழி முழுதாக வெளிச்சத்தில் இருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தாலும் இது நம்மைக் கண்டுவிட்டது என்ற எண்ணம் வருவதற்கு அந்த ஒரு வளைவே காரணம். அறிவின் மேலிமை இறங்கி, விழியின் மேற்பாதியைத் தன்னுடைய பரப்பால் மூடிவிடுகிறது. இமையின் பரப்பு வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள, நிழல் கீழே ஒரு மெல்லிய கோடாக ஒதுங்கிவிடுகிறது. சிற்பி வேறு எதையும் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. தூங்குகிற முகத்துக்கும் யோசிக்கிற முகத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறியது. இமை இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் இது உறங்கும் சிங்கமாகிவிட்டிருக்கும், சற்று ஏறியிருந்தால் சலித்துப்போன அதிகாரியின் முகமாகிவிட்டிருக்கும். நடுவில் நிறுத்தியதுதான் கைத்திறன். கட்டடம் மேற்குப் பார்த்தது என்பதால் பிற்பகலில் வெயில் நேரே முகங்களில் விழுகிறது. வெயில் தாழத் தாழ நிழல்கள் சுருங்கி, இரண்டு முகங்களும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால் சூரியன் உச்சியைக் கடந்த சிறிது நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

இந்தச் சிலைகளின் வடிவத்தை உருவாக்கிய சிற்பி அடால்ஃப் அலெக்சாண்டர் வைன்மன். 1870இல் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகருக்கு அருகில் டுர்மர்ஸ்ஹைம் என்ற ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்து, அகஸ்டஸ் செயின்ட் கோடன்ஸ் போன்ற பெரிய சிற்பிகளிடம் பயின்றவர். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய வேலையைப் பார்த்திருக்க வாய்ப்புண்டு. 1916இல் வெளிவந்த அமெரிக்கப் பத்து சென்ட் நாணயமும் அரை டாலர் நாணயமும் அவர் வடித்தவை. ஸ்பிங்க்ஸ்கள் இருக்கும் கட்டடம் திறக்கப்பட்ட மறு ஆண்டே அந்த நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. நடந்து செல்லும் சுதந்திர தேவியைக் காட்டும் அந்த அரை டாலர் வடிவத்தை 1986 முதல் அமெரிக்க வெள்ளி ஈகிள் நாணயத்தில் மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் நான் இங்கே பேச விரும்புவது அந்தப் பத்து சென்ட்டைப் பற்றி. அதன் முன்பக்கத்தில் சுதந்திர தேவியின் தலை, தொப்பியில் சிறகு. ரோமானியக் கடவுள் மெர்க்குரி என்று மக்கள் பிழையாக நினைத்து அந்தப் பெயரே நாணயத்துக்கு நிலைத்துவிட்டது. சிறகு குறிப்பது சிந்தனைச் சுதந்திரத்தை. பின்பக்கத்தில் கோல்களைக் கட்டிக் கோடரி செருகிய ரோமானிய அதிகாரச் சின்னம். அதைச் சுற்றி ஓர் ஒலிவக் கிளை. ஒரு பக்கம் சிந்தனை, மறு பக்கம் அதிகாரம். 17 டன் கல்லில் செய்த இணையையே கட்டைவிரல் நகத்தளவு வெள்ளியிலும் அவர் செய்திருக்கிறார் என்று நான் சொன்னால் அது என் வாசிப்புதான். இருந்தாலும் ஒன்றைப் பார்த்தபின் மற்றதை அப்படிப் பார்க்காமலிருக்க என்னால் முடியவில்லை. நாணயத்தில் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாது. படிக்கட்டில் இயலும், நடுவில் நின்றால் போதும்.

வாஷிங்டனில் இந்தப் படிக்கட்டுக்கு வாரிசுகள் உண்டு. 1935இல் கட்டி முடிக்கப்பட்ட உச்ச நீதிமன்றத்தின் முன்படிகளுக்கு இருபுறமும் ஜேம்ஸ் எர்ல் ஃபிரேசர் வடித்த இரண்டு பெரும் பளிங்குச் சிலைகள் அமர்ந்திருக்கின்றன. இடப்பக்கம் நீதியைச் சிந்திக்கும் பெண். தன் கையிலுள்ள, கண்கட்டிய சிறிய நீதி தேவி உருவத்தோடு அவள் இருக்கிறாள். வலப்பக்கம் சட்டத்தின் அதிகாரத்தைக் குறிக்கும் ஆண். சட்டப் பலகையும் வாளும் அவனுடையவை. ஒரு பக்கம் யோசனை, மறு பக்கம் அதிகாரம், நடுவே படிகள். அந்தக் கட்டடத்தை வரைந்தவர் காஸ் கில்பர்ட், போப் அல்லர். ஆனால் உள்ளே நீதிமன்ற அறையின் மேல்சுவர்களில் சட்டம் வகுத்தோரின் ஊர்வலத்தைப் புடைப்புச் சிற்பமாகச் செய்தவர் நம்முடைய வைன்மன்தான். போப்பின் தேசிய ஆவணக் காப்பகத்திலும், ஜெஃபர்சன் நினைவகத்தின் முக்கோண முகப்பிலும் அவருடைய சிற்பங்கள் இருக்கின்றன. ஒரு தனியார் சங்கத்தின் வாசலில் கூடி வேலை செய்த கைகள் பிறகு அரசாங்கத்தின் வாசல்களுக்குப் போயின. ஃபிரீமேசன் அடையாளங்கள் அரசுக்குள் புகுந்துவிட்டன என்று இதைத் திரித்துப் பேசுவோர் இருக்கிறார்கள், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு தலைமுறைக் கலைஞர்கள் ஒரே பள்ளியில் ஒரே இலக்கணம் கற்றார்கள், கூப்பிட்ட இடத்திலெல்லாம் அதே இலக்கணத்தில் எழுதினார்கள், அவ்வளவே.

நியூயார்க் பொது நூலகத்தின் வாசலில் 1911இல் வந்த சிங்கங்களுக்குப் பொறுமை, மனவுறுதி என்று பெயர். அந்தப் பெயர்கள் 1930களில் மேயர் லா கார்டியா சூட்டியவை. சிங்கங்களை மாற்றிப் பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. சிகாகோவில் எல்க்ஸ் என்ற மற்றொரு சகோதரச் சங்கம் 1926இல் திறந்த போர்வீரர் நினைவகத்தின் வாசலில் இரண்டு வெண்கல மான்கள் படுத்திருக்கின்றன. சங்கத்தின் பெயரே அந்த மானின் பெயர் என்பதால் அங்கே விளக்கத்துக்கு வேலையில்லை. வைன்மனின் வேறு சிற்பங்கள் அந்தக் கட்டடத்திலும் உள்ளன. இவை எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், பெயரையும் உருவத்தையும் பிரிக்கவே முடியாதபடி செய்தது 16ஆம் தெருவில்தான் என்பேன். அறிவை இடமாற்றி ஆற்றல் என்று அழைக்க முடியாது. கண் விட்டுக்கொடுக்காது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டடத்துக்குள் ஆல்பர்ட் பைக்கின் எலும்புகள் இருக்கின்றன. 1859 முதல் 1891இல் இறக்கும்வரை தெற்குப் பிரிவின் தலைவராக இருந்து அதன் சடங்குகளைத் திருத்தி எழுதியவர் அவர். அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையில் ஜெனரலாகவும் இருந்தவர். 1944இல் அவருடைய எச்சங்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். கல்லறை மாளிகையைப் பார்த்து வரைந்த கட்டடம் அப்படியாக உண்மையிலேயே கல்லறையும் ஆகிவிட்டது. வாசலில் அறிவையும் ஆற்றலையும் சரிசமமாகப் படுக்க வைத்த ஓர் அமைப்பு, தன் வரலாற்றில் இரண்டையும் எப்போதும் சரிசமமாக வைத்திருந்ததாகச் சொல்ல முடியாது. சிலைகளின் மீதான என் மதிப்பு இதனால் குறைவதில்லை. ஆனால் வழிகாட்டிகள் இந்தச் சிலைகளைப் பற்றிச் சொல்லும் புகழுரைகளை நான் காதோரத்தில் மட்டும் வாங்கிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

நூறாண்டு கடந்த சிலைகள் என்பதால் கல்லின் நிலையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட்; காற்றிலுள்ள கந்தக அமிலம் அதைத் தொட்டால் மேற்பரப்பு ஜிப்சமாக மாறும். மழை நேரே விழும் தலை, முதுகு, பாதங்களின் மேற்பகுதி ஆகிய இடங்களில் அந்த ஜிப்சம் கரைந்து போய்க் கல் வெளுத்துச் சொரசொரப்பாகும். மழை எட்டாத தாடைக்கு அடியிலும் தலைத்துணியின் மடிப்புகளுக்குள்ளும் அது புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுத்துப் படியும். திறந்த வெளியில் உள்ள எந்தச் சுண்ணாம்புக்கல் சிலைக்கும் இது பொதுவான கதி. உடலின் பெரிய பரப்புகளில் ஒரு மில்லிமீட்டர் கரைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் மெல்லிய விளிம்புகள்தான் முதலில் மழுங்கும். இமையின் ஓரத்தைவிட மெல்லிய விளிம்பு இந்தச் சிலைகளில் அதிகம் இல்லை. அந்த விளிம்பு போடும் நிழல் போனால் திறந்த கண்ணுக்கும் பாதி மூடிய கண்ணுக்கும் உள்ள வேறுபாடு போய்விடும். ஆற்றலும் அறிவும் பெயர்ப்பலகை வைத்துச் சொல்ல வேண்டிய இரண்டு சிங்கங்களாக மிஞ்சும். ஆகவே இவற்றைச் சுத்தம் செய்பவர்கள் கரியைப் போக்கும் உற்சாகத்தில் அழுத்தமான நீரையோ மணல் வீச்சையோ முகத்தருகே கொண்டு போகாமலிருப்பது, வேறு எந்தப் பராமரிப்பையும்விட முக்கியம். கறுத்த தாடையோடு அவை இருந்துவிட்டுப் போகட்டும்.

போகிறவர்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முயல்வதைப் பார்க்கிறேன். அப்படி எடுத்தால் கட்டடம் நன்றாக வரும், முகங்கள் வராது. முதல் மூன்று படி ஏறி, அந்தச் சமதளத்தில் தெருவை நோக்கித் திரும்பி நில்லுங்கள். பிறகு கீழே இறங்கி ஒவ்வொன்றின் முன்னாலும் தனித்தனியே நின்று பாருங்கள். முதலில் இடப்பக்கம், அதன்பின் வலப்பக்கம்.